பதிவேட்டில் ஒரு பெயர்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கை கட்டிலாகவும் மருந்தாகவும் மாறுவதை நீங்கள் கண்ணால் காணலாம். இன்று வெளியே தெரியாத ஓர் ஊழியத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது காசநோயாளிகளின் பெயரை எழுதிவைத்து, குணமாகும்வரை அவர்களைப் பின்தொடரும் வேலை.

ஒரு காலத்தில் இந்நோய் கண்டவர்களைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்தார்கள். மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் கூடி நடத்திய சானடோரியத்தை மூத்தவர்கள் அறிவீர்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் ஒரு கேள்விக்கு விடை தேடியது. ஏழை நோயாளி தன் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் குணமாவாரா? 1959-ல் விடை வந்தது. வீட்டில் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே ஏறக்குறைய அவர்களும் குணமடைந்தார்கள். பல நாடுகள் அந்த வழிக்குத் திரும்பின.

வார்டில் இருப்பவரை நர்ஸ் காண்பார். வீட்டில் இருப்பவரை யார் காண்பது? அதற்குத்தான் பதிவேடு. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் குறைந்து பசி எடுக்கும். 'சுகமாகிவிட்டது' என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பலாம்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வெளியூர் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். அருவியில் தண்ணீர் குறைந்ததும் போய்விடுகிறார்கள். செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 'பழக்கடை, குற்றாலம்' என்று மட்டும் விலாசம் எழுதினால் ஐப்பசியில் அவரை எங்கே தேடுவது? ஆகவே சொந்த ஊர், வீட்டாரின் தொலைபேசி எண், அடுத்துப் போகும் இடம் எல்லாம் எழுதவேண்டும். 2012 முதல் இந்நோயை அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். அவ்வாண்டு வந்த 'நிக்ஷய்' கணினிப் பதிவில் எண் இருந்தால் அடுத்த மாநிலத்திலும் மருந்து தொடரும்.

'பெயரை எழுதாதீர்கள் ஐயா, மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று கெஞ்சும் தாய்மார் உண்டு. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் பெயர் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பரிசோதிப்பார் இல்லை. அவர்களுக்குத் தடுப்பு மருந்தும் இல்லை. சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் அரசு உயர்த்தித் தரும் மாதம் 1000 ரூபாயும் இல்லை. ஆகையால் எழுதத்தான் வேண்டும். எழுதியதைக் காப்பது நம் பொறுப்பு.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. ஒருவருடைய வியாதியை, அவர் சம்மதமில்லாமல், சபையில் ஜெபக்குறிப்பாகக்கூடப் பெயர் சொல்லி அறிவிக்காதீர்கள். கர்த்தர் அந்தப் பெயரை அறிவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வீடுதேடிப் போகும் ஊழியரின் பஸ் கட்டணம் சிறு செலவு, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மேய்ப்பன் எண்ணிப் பார்த்ததினால்தான் நூறில் ஒன்று குறைகிறதென்று அவனுக்குத் தெரிந்தது. எண்ணாதவனுக்குத் தேடவும் தெரியாது. எங்கள் பதிவேட்டில் காலியாக நிற்கும் ஒவ்வொரு கட்டமும், இன்னும் தேடிப்போக வேண்டிய ஒருவரை எங்களுக்குக் காட்டுகிறது.