மௌனம் சம்மதமாகுமா?

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



அரசியல் ஆராய்ச்சி பண்டிதர்களுக்குரிய விஷயமாயிற்றே, நமக்கெதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் "ஏழை தன் நிலையைத் தலைவிதியென்று ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று எழுதிவைக்கிறவர்கள் எதைப் பார்த்து அப்படி எழுதுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டா, இல்லையா?

ஜேம்ஸ் ஸ்காட் என்பவர் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் அரசியல் போதித்த ஆசிரியர். அவர் 1978 முதல் 1980 வரை மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுமார் 70 குடும்பங்களே உள்ள ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். 70 குடும்பங்களை எண்ணுவதற்கு ஒரு நாள் போதாதா? போதும். ஆனால் அவர் தலையை எண்ணப் போகவில்லை. மனதை அறியப் போனார்.

அங்கே வாய்க்கால் வந்து இரண்டு போகம் விளைந்தது. பிறகு அறுவடை இயந்திரமும் வந்தது. விளைச்சல் கணக்கை மாத்திரம் பார்த்தால் எல்லாம் முன்னேற்றந்தான். நிலமுள்ளவனைக் கேட்டால் வேலை சீக்கிரம் முடிகிறது என்றான். இல்லாதவனைக் கேட்டால் அறுப்புக் கூலியும் போயிற்று, கதிர் பொறுக்கும் பிழைப்பும் போயிற்று என்றான். இயந்திரம் ஒன்று, கதை இரண்டு!

பணக்காரன் எதிரில் மரியாதையாய் நின்ற ஏழை, தன் கூட்டத்தாரிடம் அவனது கருமித்தனத்தை ஏசினான். இயந்திரம் வைத்து அறுத்தவர்களுக்கு நடவு செய்வதில்லை என்று பெண்கள் சிலர் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். வெளியாட்களைக் கொண்டுவருவோம் என்ற மிரட்டலுக்குமுன் அது நிலைக்கவில்லை. இதெல்லாம் எந்தச் சர்க்கார் புள்ளிக் கணக்கில் ஏறும்? 1985ல் அவர் வெளியிட்ட புஸ்தகத்திற்கு எளியவர்களின் ஆயுதங்கள் என்று பொருள்படும் பெயரிட்டார். ஊருக்கும் ஆட்களுக்கும் மாற்றுப் பெயரே கொடுத்தார். பேசினவன் பிழைப்புக்கு ஆபத்து வரலாகாதல்லவா?

ஒரு கிராமத்தை வைத்து உலகத்தை அளக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். எத்தனை பேர் என்று அறிய எண்ணிக்கை வேண்டும். ஏன் என்று அறியக் கூட இருந்து கேட்கவேண்டும். இரு தரப்பையும் கேட்டு, சொல்லையும் செய்கையையும் ஒத்துப் பார்க்கவேண்டும். ஸ்காட் சொன்னதையும் அப்படியே சோதித்துத்தான் ஏற்கவேண்டும்.

ஆகவே தோழர்களே, பெரியதனக்காரர் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு "ஜனங்கள் திருப்தியாயிருக்கிறார்கள்" என்று எவனாவது எழுதினால், "நீ யாரைக் கேட்டாய்? யார் எதிரில் கேட்டாய்?" என்று கேளுங்கள். பயந்து வாயை மூடியிருப்பதைச் சம்மதமென்று எழுதுவது ஆராய்ச்சியல்ல, அக்கிரமமேயாகும்.