ரோமாபுரியின் நானூறு பேர்



ரோமாபுரி என்றதும் சலவைக்கல் மாளிகைகளையும் செனட் சபையின் கம்பீரத்தையும் வர்ணித்துக் கரகோஷம் பெறுவது மேடைகளின் சம்பிரதாயமாகிவிட்டது. அந்தக் கீர்த்தியை நான் மறுக்க வரவில்லை. ஆனால் ஏறக்குறைய 10 லட்சம் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அம்மகாநகரத்தில் மாளிகைவாசிகள் ஒரு சிறு கூட்டமே என்பதையும், ஏழைகள், 70 அடிக்கு மேல் எழுப்பலாகாது என்று அகஸ்டஸ் சக்கரவர்த்தியே தடைபோட வேண்டிய அளவுக்கு ஓங்கிய அடுக்கு வீடுகளில், மேலே போகப்போக வாடகை குறைந்து நெருப்புப் பயம் கூடிய சிற்றறைகளில் முடங்கிக் கிடந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது சரித்திரத் துரோகம்.

செனட்டராக 10 லட்சம் செஸ்டர்ஸ் நாணய மதிப்புள்ள சொத்து வேண்டும்; அதற்கடுத்த குதிரைவீரர் வகுப்புக்கு 4 லட்சம் வேண்டும்; இரண்டுமில்லாத சுதந்திரக் குடிமகனோ, விடியுமுன்னே டோகா அங்கியைச் சுற்றிக்கொண்டு ஒரு பிரபுவின் வாசலில் காத்துக்கிடந்து, முகதரிசனத்துக்குப் பிறகு கிடைக்கும் உணவுக்கும் சில்லறைக்கும் கையேந்தினான். அவனுக்கும் கீழே இருந்தவன் அடிமை.

யூரிசாசிஸ் என்றொரு ரொட்டிக்காரர். அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்று அறிஞர் பலர் கருதும் அவர், தமக்கு எழுப்பிக்கொண்ட கல்லறை இன்றும் ரோமாபுரியின் ஒரு கோட்டை வாயிலருகே நிற்கிறது. அதன் உச்சியில், கழுதைகள் எந்திரத்தைச் சுற்றுவதும், மாவு பிசைவதும், நீண்ட மேஜையில் வரிசையாய் நின்று ரொட்டி உருட்டுவதும், அடுப்பிலிடுவதும், தராசில் நிறுப்பதும் சிற்பமாய் விளங்குகின்றன. பிரபுக்கள் யுத்தங்களைச் செதுக்கிய நகரத்தில் ஒரு மனிதர் தம் தொழிலைச் செதுக்கினார்!

கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள், அவர் அதற்குரியவர். ஆனால் அம்மேஜையருகே நின்று மாவு உருட்டுகிறவர்கள் யார்? அவர்களில் ஒருவன் பெயரும் அக்கல்லில் இல்லை. அந்தப் பெயரில்லாதவனை விட்டு என் மனம் நகர மறுக்கிறது. அவனைப் போன்ற பெயரற்றவர்களை ரோமானியச் சட்டம் எப்படி நடத்தியது?

அச்சட்டத்தின் மாட்சியைக் காதுகுளிரப் பேசித் திரியும் பண்டிதர் சிலர் உண்டு. அவர்கள் கி.பி. 61-ஆம் ஆண்டின் பக்கத்தை மட்டும் புரட்டுவதேயில்லை. நகர அதிகாரி பெடானியஸ் செகண்டஸை அவர் வீட்டு அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். விலை பேசி ஒப்புக்கொண்ட விடுதலையை எஜமானர் மறுத்ததே காரணமாக இருக்கலாம் என்றும் ரோமானியச் சரித்திராசிரியர் டாஸிடஸ் எழுதுகிறார். கொன்றவன் ஒருவன், பழைய வழக்கப்படி சாகவேண்டியவர்களோ அக்கூரையின் கீழ் வாழ்ந்த 400 அடிமைகள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக! செனட் சபையில் எழுந்த காசியஸ் என்ற மகா நியாயசாஸ்திரி, நிரபராதிகள் சிலர் மாண்டாலும் பொதுநன்மை அதை ஈடுசெய்யும் என்று வாதித்தார். அவர் வாதமே வென்றது. சட்டம் தெரியாத பேதையல்ல அவர். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். இதைத்தானா ஐயா, மாட்சி என்கிறீர்கள்?

அப்போது தெருவில் திரண்டது யார்? அடுக்கு வீட்டு மாடிகளில் வாழ்ந்த சாமானிய ஜனங்கள்! கல்லும் தீப்பந்தமும் ஏந்தி, தண்டனை நிறைவேறாதபடி வழிமறித்து நின்றார்கள். சக்கரவர்த்தி நீரோ அவர்களைக் கண்டித்துக் கட்டளை பிறப்பித்து, கொலைக்களத்துக்குப் போகும் பாதை நெடுகிலும் படைவீரர்களை நிறுத்தினான். 400 பேரும் கொல்லப்பட்டார்கள். தீர்ப்புக்கு வாதாடியவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. மாண்டவரில் ஒருவர் பெயரும், கல்லெடுத்து நின்றவரில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை.

இங்கே கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் நிறைய வந்திருக்கிறீர்கள். சீஸரின் வெற்றிகளைப் படியுங்கள், படிப்பியுங்கள். அதே வகுப்பில், அடிமைகளுக்காகச் செனட்டின் தீர்ப்பை எதிர்த்து நின்ற அந்தத் தெருக்கூட்டத்தின் கதைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று உங்களை வேண்டி அமர்கிறேன்.