கால் மிதிக்கிறதா, மோட்டார் மிதிக்கிறதா?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சி முகாமில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஆசிரியர் உடல்நலம்’ என்ற தலைப்பில் பேச அழைத்தார்கள். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. எனக்கு வயது 51. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. ஆகவே, என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட ஒரு கேள்வியையும், அதற்கு விடை தேடிய கதையையும் மட்டும் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 8 கிலோமீட்டர். நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம். பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தேன். “தினமும் அரைமணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும்” என்று மருத்துவர் சொன்ன பிறகு, மகனின் பழைய சைக்கிளை எடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். முதல் பாடவேளைக்குச் சட்டை நனைந்து போய் நிற்க வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் அதுவும் நின்றுபோனது. பிறகுதான் எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்று வாங்கினேன். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவெண் தேவையில்லை. அந்த வகை வண்டிதான்.

வாங்கிய இரண்டாம் வாரம். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், நீங்க மிதிக்கிறீங்களா, மோட்டார் மிதிக்குதா?”

வண்டியின் திரையைக் காட்டினேன். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எத்தனை கலோரி செலவானது என்றெல்லாம் அதில் தெரியும். “பாரும்மா, இவ்வளவு கலோரி எரிச்சிருக்கேன்” என்றேன். அவள் விடவில்லை. “நீங்க மிதிச்சது வண்டிக்கு எப்படி சார் தெரியும்?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. “வாம்மா, அளந்து பார்த்துடுவோம்” என்று மட்டும் சொன்னேன்.

நாடி சொன்ன உண்மை

மறுநாள் பள்ளி வாசலில் நான் வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு மாணவிகள் நிறுத்துக் கடிகாரத்தோடு நின்றார்கள். மணிக்கட்டில் நாடி பிடித்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கினார்கள். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணக் கூடாது. உழைப்பை நிறுத்தியவுடன் துடிப்பு விரைவாக இறங்கிவிடும். எனவே உடனே, குறுகிய நேரம் எண்ணுவதுதான் சரி.

ஓய்வில் என் துடிப்பு 76. வண்டியில் வந்திறங்கியபோது 88. மோட்டார் சைக்கிளில் வந்த நாளில் 80. அதாவது, இரண்டு வாரமாக நான் ‘உடற்பயிற்சி’ என்று நினைத்துச் செய்ததற்கும், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து வந்ததற்கும் எட்டுத் துடிப்புதான் வித்தியாசம். திரையோ வழக்கம்போல் கலோரியைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காரணத்தைத் தேடினோம். மின்மிதிவண்டிகளில் மோட்டார் மூன்று விதமாக உதவுகிறது. முதலாவது, கைப்பிடியைத் திருகினால் ஓடுவது. இதில் காலுக்கு வேலையே இல்லை. இரண்டாவது, மிதிகட்டை சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி. நீங்கள் அழுத்தி மிதித்தாலும், சும்மா காலைச் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். மூன்றாவது, திருப்புவிசையை அளக்கும் உணரி. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ, அதற்கு ஏற்ற அளவில்தான் மோட்டார் துணைக்கு வரும். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியே இப்படி மிதிப்பவரின் விசையை அளந்து உதவியதுதான்.

என் வண்டி இரண்டாம் வகை. உதவியின் அளவை உச்சத்தில் வைத்திருந்தேன். கால் சுற்றியது, வேலை செய்தது மோட்டார். திரையோ என் காலை அளக்கவே இல்லை. தூரத்தையும் நேரத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

உதவியை ஐந்தாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குக் குறைத்தேன். கைப்பிடியைத் திருகுவதை விட்டேன். அடுத்த வாரம் நாடி 116. மகனின் சைக்கிளில் வந்த நாளில் 132.

116 போதுமா?

அதிகபட்ச இதயத் துடிப்பைத் தோராயமாக அறிய, 220இலிருந்து வயதைக் கழிப்பது வழக்கம். எனக்கு 169. அதில் 64 முதல் 76 விழுக்காடு வரை இருந்தால் மிதமான உழைப்பு. எனக்கு அது 108 முதல் 128 வரை. ஆகவே 116 அந்த எல்லைக்குள் வருகிறது, 88 வரவில்லை. 132 கடுமையான உழைப்பின் பக்கம் போய்விடுகிறது.

கருவி எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பேச்சுச் சோதனை இருக்கிறது. ஓட்டும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான உழைப்பு. தாராளமாகப் பாட முடிந்தால், மோட்டார்தான் மிதிக்கிறது என்று பொருள். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் தடுக்கும். அப்படிப்பட்டவர்கள் நாடியை நம்பாமல் பேச்சுச் சோதனையைப் பின்பற்றலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் கூனர் போர்க் உருவாக்கிய அளவுகோல் ஒன்றும் உண்டு. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதற்கு 6 முதல் 20 வரை நாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் மின்மிதிவண்டி விஷயத்தில் நம் தோற்றம் நம்மை ஏமாற்றலாம். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டிப் பழகிய 33 பேரை இரண்டு வகை வண்டிகளிலும் ஓட்டச் செய்தார்கள். மின்வண்டியில் அவர்களின் சராசரி இதயத் துடிப்பு, சாதாரண வண்டியில் இருந்ததில் 94 விழுக்காடு. ஆனால் அவர்களுக்கோ உழைப்பு மிகக் குறைவாகவே தோன்றியிருக்கிறது. எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு: உழைக்காமலே உழைத்ததாக நினைத்தேன். இரண்டிலும் பாடம் ஒன்றுதான். நினைப்பை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது?

மாணவிகள் அடுத்த கேள்விக்கு வந்தார்கள். “அப்ப சாதா சைக்கிள்தானே சார் நல்லது? அதுல 132 வருதே?”

ஒரு நிமிடக் கணக்கில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் உடல்நலத்துக்கு வாரக் கணக்கு வேண்டும். வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.

சாதாரண சைக்கிளில் ஒரு வழிக்கு 32 நிமிடம். போக வர 64. நான் ஓட்டியது வாரம் இரண்டு நாள். ஆக 128 நிமிடம். மின்மிதிவண்டியில் ஒரு வழிக்கு 24 நிமிடம். போக வர 48. ஐந்து நாளும் ஓட்டுகிறேன். ஆக 240 நிமிடம்.

உழைப்பின் அளவையும் சேர்க்க வேண்டும் அல்லவா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு ‘மெட்’ என்பார்கள். வேலைக்குச் சைக்கிளில் தம் போக்கில் போவதற்கு 6.8 மெட் என்று அட்டவணை சொல்கிறது. மின்மிதிவண்டிக்கு, கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில் கிடைத்த சராசரி 4.9. பெருக்கிப் பாருங்கள். 128 × 6.8 = 870. 240 × 4.9 = 1176. நிமிடத்துக்கு நிமிடம் தோற்ற வண்டி, வாரத்துக்கு வாரம் வென்றுவிட்டது. காரணம், அதை நான் தினமும் எடுக்கிறேன்.

ஆனால் கணக்கை நேர்மையாக முடிக்க வேண்டும். ஐந்து நாளும் சாதாரண சைக்கிளில் போகிறவராக நான் இருந்திருந்தால்? 320 × 6.8 = 2176. அவர் மின்மிதிவண்டிக்கு மாறினால் ஏறத்தாழப் பாதியை இழக்கிறார். ஏழு ஐரோப்பிய நகரங்களில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. மின்மிதிவண்டி ஓட்டுவோரின் வார உழைப்பு, சாதாரண சைக்கிள் ஓட்டுவோருக்கு ஏறத்தாழ நிகராகவே இருந்தது. அவர்கள் அதிக தூரம் ஓட்டியதே காரணம். காரை விட்டு மாறியவர்களுக்கு லாபம், சைக்கிளை விட்டு மாறியவர்களுக்குக் கொஞ்சம் நட்டம் என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

ஆகவே, ‘மின்மிதிவண்டி நல்லதா?’ என்று யாராவது கேட்டால், ‘இப்போது எதில் போகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும் ஆசிரியருக்கு அது ஒரு படி மேலே. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் வரும் பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு அது ஒரு படி கீழே. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உழைப்பு வேண்டும். அதில் ஒரு பங்கை அந்த மிதிவண்டி ஏற்கெனவே தந்துகொண்டிருக்கிறது. “பிள்ளைக்கு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கித் தரலாமா சார்?” என்று பெற்றோர் கேட்கும்போது, உடல் இயலாமையோ, மிக நீண்ட தூரமோ இல்லாவிட்டால், இருக்கிற சைக்கிளே போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

வகுப்பறையில் செய்ய

இதை அப்படியே பாடமாக்கலாம். மின்மிதிவண்டிகூடத் தேவையில்லை. மாடிப்படி போதும். 40 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை 3.5 மீட்டர் உயரத்தை 10 விநாடியில் ஏறினால், வேலை 40 × 9.8 × 3.5 = 1372 ஜூல். திறன் 137 வாட். மின்மிதிவண்டி மோட்டாரின் 250 வாட்டில் பாதிக்கு மேல்! இதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உயர் வகுப்புகளில் மின்னாற்றலையும் சேர்க்கலாம். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றுத் தடையையும் தரையின் உராய்வையும் வெல்லச் சுமார் 100 வாட் வேண்டும். என் போக வரப் பயணத்துக்கு, 0.8 மணி நேரத்தில் 80 வாட்-மணி. பேட்டரி 50 வாட்-மணி தந்து, மோட்டாரில் வெப்பமாகப் போனது கழித்துச் சக்கரத்துக்கு 40 வந்தால், மீதி 40 யாருடையது? காலுடையது. ‘யார் மிதித்தது?’ என்ற கேள்விக்கு இது இன்னொரு வழியில் கிடைக்கும் விடை.

இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளைகளின் எடையை வகுப்பில் உரக்கச் சொல்லாதீர்கள். எல்லாருக்கும் 40 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்கிடலாம். போட்டியாகவும் ஆக்காதீர்கள். இரத்தசோகை உள்ள பிள்ளையும், இதயக் கோளாறு உள்ள பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கக்கூடும். அவர்கள் கையில் நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுங்கள். அளப்பவர் இல்லாமல் ஆய்வு ஏது?

முடிவாக

கொலராடோ ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அதில் உடற்பயிற்சி அதிகம் இல்லாத 20 பேர், வாரம் மூன்று நாளாவது, நாளுக்கு 40 நிமிடமாவது, நான்கு வாரம் மின்மிதிவண்டி ஓட்டினார்கள். அவர்களின் இதய, நுரையீரல் திறன் கூடியது. இரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறனும் மேம்பட்டது. 2016இல் வெளியான அந்த முடிவு என் போன்றோருக்கு நம்பிக்கை தருகிறது. எனக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.9இலிருந்து 7.1க்கு இறங்கியிருக்கிறது. எல்லாம் சைக்கிளால்தான் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை இருக்கிறது, வீட்டில் அரிசியைக் குறைத்தது இருக்கிறது. ஆனால் பாலம் ஏறும்போது பழைய மூச்சுத் திணறல் இல்லை. அது எனக்கே தெரிகிறது.

இன்னொன்றும் தோன்றியது. வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு எந்த வகை மோட்டாராக இருக்கிறேன்? கால் சும்மா சுற்றினாலே ஓடிவந்து விடையைச் சொல்லிவிடுகிறேனா? அவர்கள் அழுத்தும் அளவுக்குத் துணை நிற்கிறேனா? இதை அளக்க எனக்கு நாடி கிடைக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை பள்ளிக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எந்த வண்டியில் போனாலும், இறங்கியவுடன் 15 விநாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்கிக் குறித்துவையுங்கள். முடிந்தால் ஒரு மாணவரையே எண்ணச் சொல்லுங்கள். என் மாணவி கேட்ட கேள்வியை அந்தப் பிள்ளையும் உங்களிடம் கேட்கும்.