முழங்கால் தேய்மானமும் நடவு வயலும்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவினர் ஆற்றிய உரை)



மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது நெடுநாள் வழக்கம். தண்ணீர் நேரத்தோடு வந்த ஆண்டுகளில், குறுவை நடவு முடிந்த கையோடு எங்கள் புறநோயாளர் பிரிவில் தாய்மார்களின் கூட்டம் பெருகும். "முட்டி புடிச்சிக்கிச்சு டாக்டரம்மா" என்பார்கள். நடவு என்றால் நாள் முழுதும் குனிந்தபடி, சேற்றில் புதைந்த காலைத் திருகிப் பிடுங்கிப் பின்னோக்கி நகர்வது. அறுவடையில் தலைமேல் கட்டு. வீட்டிலோ குந்தி உட்கார்ந்துதான் எல்லாம். இப்போது பல வயல்களில் இயந்திரம் நடுகிறது. ஆனால் நாற்பது வருடம் கையால் நட்டவர்களின் முழங்கால்களே எங்களிடம் வருகின்றன.

முழங்காலில் எலும்போடு எலும்பு உரசாதபடி வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே தேயத் தொடங்கும்போது வலி தெரியாது; தேய்ந்தது எளிதில் வளர்வதுமில்லை. பிறகு மூட்டின் உள்சவ்வு வீங்கி நீர் கோக்கும், ஓரங்களில் எலும்பு முளைவிடும். முதலில் படி இறங்கும்போது வலி, காலையில் எழுந்ததும் சிறிது நேரம் விறைப்பு. நாளடைவில் உட்புறம் அதிகம் தேய்ந்து கால் வில்போல் வளையும். 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த நான்கு படிநிலைகளை வைத்தே இன்றும் எக்ஸ்ரே படத்தைப் படிக்கிறோம். படத்தில் மோசமாகத் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. படத்திற்கு அல்ல, ஆளுக்கே வைத்தியம்.

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். இரண்டு வருடமாக ஒரு கடையில் பொட்டலமாக மடித்துக் கொடுத்த மாத்திரைகளை விழுங்கி வந்திருக்கிறார். சாப்பிட்டால் வலி போய்விடும், வயலுக்குப் போகலாம். முகம் உப்பியிருந்தது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது, சிறுநீரகமும் பாதிப்படையத் தொடங்கியிருந்தது. பொட்டலத்தில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்திருந்தன. நாங்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீடு அது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தோம்.

இந்நோய்க்கு முதல் மருந்து தொடைத் தசைக்கான பயிற்சி. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஒரு சாண் உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், ஆனால் "மாத்திரை இல்லையா?" என்ற கேள்வியைத் தாண்டுவதற்குள் எங்கள் இயன்முறை சிகிச்சையாளர் களைத்துவிடுகிறார். உடல் பருத்தவர் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறைகிறது. கழிப்பறையில் ஒரு நாற்காலி போட்டால் பாதி வேதனை தீரும். ஆலயத்தில் முழங்காற்படியிட இயலாத முதியோர் இருக்கையிலிருந்தே ஜெபிக்கட்டும். அதற்காக ஒருவரும் வெட்கப்பட வேண்டாம். குளுக்கோசமைன் மாத்திரைகளைப் பற்றி உங்களில் பலர் கேட்கிறீர்கள். ஆய்வுகளில் பெரிய பலன் உறுதிப்படவில்லை. அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள். வலி மிகுந்த நாட்களில் தேய்க்கும் மருந்து, மருத்துவர் சொல்லும் அளவுக்கு மாத்திரை, வீக்கமிருந்தால் எப்போதாவது ஊசி.

இவையெல்லாம் பயனற்றுப்போய் இரவிலும் தூங்கவிடாத வலிக்கு அறுவை சிகிச்சை உண்டு. 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தபின் செலவு இறங்கியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. மாற்றிய மூட்டுகளில் பத்துக்கு எட்டு, 25 ஆண்டு உழைப்பதாக 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஒரத்தநாட்டு அம்மாவிடம் இதைச் சொன்னோம். "நான் படுத்துட்டா மாட்டை யாரு பாக்குறது? தை அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை. பயிற்சியை மட்டும் விடாமல் செய்கிறார், சர்க்கரை இறங்கிவிட்டது. போன முறை வந்தபோது கைத்தடி ஒன்று கொடுத்தோம். வலது முழங்காலில் வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வலது கையில் ஊன்றிக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினார். எங்கள் நர்ஸ் வாசல்வரை ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தார்.