கார் ரேஸ் கேமும் வண்டிச் சாவியும்



விடுமுறையில் நம் பிள்ளைகள் விளையாடும் கார் ரேஸ் கேம்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ என்று ஒன்று, 2021இல் வந்தது. மெக்சிகோவின் பாலைவனம், காடு, எரிமலை என்று நினைத்த பக்கமெல்லாம் காரை ஓட்டலாம். அழகாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்தால் நமக்கே எழ மனம் வராது.

ஆனால் அது எதற்குப் பாயிண்ட் கொடுக்கிறது என்று பாருங்கள். எதிரே வரும் காரை உரசாமல் மயிரிழையில் தாண்டினால் பாயிண்ட். வேலியை உடைத்தால் பாயிண்ட். மோதிவிட்டால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், நேரம் பின்னால் போய்விடும். யாருக்கும் காயமில்லை.

தாராபுரம் ரோட்டில் தேங்காய் லோடு ஏற்றி வரும் லாரிக்கு முன்னால் அந்தப் பட்டன் கிடையாது.

நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். அவரும் வேகமாகத்தான் ஓட்டினார்; ஹெல்மெட்டோடு, எதிரே வண்டி வராத டிராக்கில். செட்டிபாளையத்தில் அப்படி ஒரு டிராக் இருக்கிறது.

கேமைத் தடுக்கச் சொல்லவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் நிஜமாக என்ன ஆகியிருக்கும்?’ என்று கேட்போம். அவர்களே சொல்லிவிடுவார்கள். வண்டிச் சாவி மட்டும் நம் கையில் இருக்கட்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. ‘பால் வாங்கத்தானே’ என்று நாம் கொடுத்தனுப்பும் ஸ்கூட்டிக்கும் இதே சட்டம்தான்.