மண்தரை வண்டியும் தார்த்தரைப் பந்தயமும்

மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் பலவகைப்படும். செப்பமான தார்த்தரையில் ஓடுவது ஒரு வகை. மேடும் பள்ளமும் நிறைந்த மண்தரையில் பாய்ந்து செல்வது மற்றொரு வகை. நீள்வட்டமான மண்களத்தில் சறுக்கிச் சுற்றிவருவது பிறிதொரு வகை. இம்மூன்று வகையினரையும் ஒரே களத்தில் இறக்கினால் முந்துபவர் யார்? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, 1979ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்துக்காக ஒரு போட்டி நடத்தப்பட்டது. கவின் ட்ரிப் என்பவரின் எண்ணத்தில் உதித்த அப்போட்டி, 'சூப்பர்பைக்கர்ஸ்' என்னும் பெயருடன் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கார்ல்ஸ்பாட் பந்தயத் திடலில் நடைபெற்றது. ஓடுபாதையின் ஒரு பகுதி தார். மற்றப் பகுதி மண். முதலாண்டில் வாகை சூடியவர் கென்ட் ஹவர்ட்டன் என்னும் மண்தரை வீரர்.

1985ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் அப்போட்டி நின்றுபோயிற்று. ஆயினும் அது விதைத்த விதை ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், முளைத்துச் செழித்தது. 'சூப்பர்மோட்டோ' எனப் பெயர்பெற்ற அவ்விளையாட்டுக்கு 2002ஆம் ஆண்டு முதல் உலக வெற்றிவீரர் போட்டித்தொடர் நடைபெறத் தொடங்கிற்று.

இவ்விளையாட்டின் தோற்றத்திலேயே ஒரு சிறப்பு உண்டு. இதற்கென்று தனியாக வண்டி எதுவும் அன்று இருக்கவில்லை. மண்தரை வண்டியை எடுத்து, அதன் சில்லுகளையும் ரயர்களையும் மாற்றியே வீரர்கள் களமிறங்கினர். எனவே மாற்றியமைத்தல் என்பது சூப்பர்மோட்டோவுக்குப் பின்னர் வந்து சேர்ந்த பழக்கமன்று. அதன் பிறவிக்குணமே அதுவாகும். கைப்பொருள் குறைந்த இளைஞன் ஒருவன் இன்றும் இவ்விளையாட்டில் நுழையக்கூடிய வாயில் இதுவே. பெரிய பந்தயத் திடல் அவனுக்கு வேண்டியதில்லை. கார்ட் எனப்படும் சிறு பந்தயக் கார்களுக்காக அமைந்த குறுகிய வளைவுப் பாதையே போதும். அமெரிக்காவிலும் யப்பானிலும் 100, 125 கன சென்ரிமீற்றர் அளவுள்ள சிறு வண்டிகள் அத்தகைய பாதைகளில் ஓடுவதைக் காணலாம்.

அவ்வாறு நுழைய விரும்புபவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தன்னிடமுள்ள சிறுதொகையை எதில் முதலாவதாகச் செலவிடுவது என்பதே. பெரும்பாலோரின் மனம் உடனே எஞ்சினை நாடும். அதிக ஓசை தரும் புகைக்குழாய், பெரிய உருளை, புதிய காபரேற்றர் என்று அது அலையும். ஆனால் வண்டிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் செய்ததைக் கவனித்தால் விடை வேறாக இருக்கும். கவசாக்கி நிறுவனம் தனது கே.எல்.எக்ஸ் 250 என்னும் மண்தரை வண்டியிலிருந்து 1998ஆம் ஆண்டில் டி-ட்ராக்கர் என்னும் வண்டியை உருவாக்கிற்று. சுசூக்கி நிறுவனம் தனது டி.ஆர்.இசட் 400 வண்டியைப் பின்பற்றி 2005ஆம் ஆண்டில் ஒரு சூப்பர்மோட்டோ வகையை வெளியிட்டது. இவ்விரு நிறுவனங்களும் எஞ்சினின் அடிப்படையை மாற்றவில்லை. சில்லு, ரயர், பிறேக், அதிர்வுதாங்கி ஆகியவற்றையே மாற்றின. தரையைத் தொடும் பாகங்களும் வண்டியை நிறுத்தும் பாகங்களும் முதலிடம் பெற்றன. பெருநிறுவனங்கள் கைக்கொண்ட இவ்வரிசையே எளியவனுக்கும் ஏற்றது, சிக்கனமானதும் அதுவே.

இனி, ஓர் உண்மையான வண்டியை எடுத்துக்கொண்டு இம்மாற்றத்தை ஆராயலாம். யமஹா நிறுவனத்தின் ரி.ரி.ஆர் 125 என்பது 2000ஆம் ஆண்டில் வெளிவந்த வண்டி. காற்றினால் குளிரும் நான்கடிப்பு எஞ்சின் கொண்டது. அதன் பெரிய சில்லு வகையின் எடை ஏறக்குறைய 90 கிலோகிராம். முன்சில்லு 19 அங்குலம். பின்சில்லு 16 அங்குலம். முன்னே தட்டுப் பிறேக்கும் பின்னே உருளைப் பிறேக்கும் உள்ளன. பழுதுபார்ப்பதற்கு எளிதாகையால், பழைய வண்டியாக வாங்குவோருக்கு இது ஏற்றது.

மண்தரை ரயரின் முகத்தில் உயர்ந்த குமிழ்கள் உள்ளன. இளகிய மண்ணில் அவை புதைந்து பிடித்துக்கொள்ளும். தார்த்தரையிலோ அக்குமிழ்கள் வளைந்து நெளியும். தரையைத் தொடும் பரப்பும் சிறிதாகும். ஆகவே தார்த்தரைக்குரிய ரயர் வேண்டும். ஆனால் ரயரை மட்டும் மாற்றினால் போதாது. இவ்வண்டியின் முன்சில்லு வளையம் ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலமே உடையது. அகன்ற ரயரை அதில் மாட்டினால் ரயரின் பக்கங்கள் உள்ளே நெருக்கப்பட்டு அதன் வட்ட வடிவம் கெடும். வளைவில் சாயும்போது ரயரின் ஓரம் ஒழுங்காகத் தரையில் படியாது. எனவே வளையத்தையும் மாற்ற வேண்டும்.

இவ்விடத்தில் 17 அங்குல அளவு கைகொடுக்கும். 1958ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறுவண்டி 17 அங்குலச் சில்லுகளில் ஓடியது. அதன் பின்னர் ஆசிய நாடுகளின் அன்றாடப் பாவனைக்கான சிறுவண்டிகளில் அவ்வளவு பெருவழக்காயிற்று. தார்த்தரைப் பந்தய வண்டிகளிலும் அதுவே வழக்கம். ஆகவே 17 அங்குல வளையங்களும் ரயர்களும் எளிதிற் கிடைக்கும்; விலையும் தாழ்வு. வண்டியின் சொந்த நடுக்குடத்தை வைத்துக்கொண்டு, முன்னுக்கு இரண்டரை அங்குல அகலமும் பின்னுக்கு மூன்று அங்குல அகலமும் உள்ள வளையங்களைக் கம்பியிட்டுக் கட்டுவதே மலிவான வழி. நடுக்குடத்தின் துளைகளும் வளையத்தின் துளைகளும் எண்ணிக்கையில் ஒத்திருத்தல் வேண்டும். கம்பிகளைப் புதிய நீளத்துக்கு வாங்க வேண்டும். பழைய கம்பிகளை வெட்டி ஒட்டுதல் கூடாது. சில்லுக் கட்டும் வேலையை அறிந்தவரிடமே கொடுத்தல் நன்று. சில்லைச் சுழலவிட்டு ஒரு குத்தூசியை அருகே நிறுத்திப் பார்த்தால், பக்கவாட்டிலோ மேல்கீழாகவோ உள்ள கோணல் புலப்படும். அது 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் அச்சில்லை ஓட்டத்துக்கு எடுக்கலாகாது.

ரயரின் அளவைத் தெரிவு செய்வதிற் சிறிது கணக்குண்டு. பின்புறத்தில் முன்பிருந்த 90/100-16 அளவு ரயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 586 மில்லிமீற்றர். 110/70-17 அளவுள்ள தார்த்தரை ரயரின் விட்டமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே பின்புறத்தின் உயரம் மாறாது; பற்சில்லு விகிதமும் மாறாது. முன்புறம் அவ்வாறன்று. பழைய 70/100-19 ரயரின் விட்டம் ஏறக்குறைய 623 மில்லிமீற்றர். புதிய 100/80-17 ரயரின் விட்டமோ 592 மில்லிமீற்றர். எனவே முன் அச்சு 15 மில்லிமீற்றர் தாழும். வண்டி சற்று முன்சாய்ந்து நிற்கும். இரு அச்சுகளுக்குமிடையே 1,270 மில்லிமீற்றர் இருப்பதால், திருப்புக்கோணம் முக்கால் பாகை அளவு செங்குத்தாகும். வண்டி வளைவில் விரைந்து திரும்பும். நேர்ப்பாதையில் முன்னைய நிதானம் சற்றுக் குறையும். குறுகிய கார்ட் பாதைக்கு இது தீமையன்று. ஆயினும் முன்கவையை மேலும் தாழ்த்துதல் கூடாது.

சிறிய முன்சில்லினால் வேறொரு நன்மையும் உண்டு. பிறேக் தட்டு பழையதாகவே இருந்தாலும், சில்லின் ஆரை குறைந்தமையால், அதே பிடிப்பு தரையில் 5 சதவீதம் கூடிய விசையாக வெளிப்படும். இவ்வண்டியின் தட்டு 220 மில்லிமீற்றர் விட்டமுடையது. பெரிய சூப்பர்மோட்டோ வண்டிகளில் 300 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தட்டுகளைக் கண்டு, அவற்றையே மாட்ட வேண்டுமெனச் சிலர் எண்ணுவர். மெல்லிய முன்கவை கொண்ட சிறிய வண்டியில் அத்துணை வலிய பிறேக், கவையை முறுக்கித் திருப்பத்தைக் கெடுக்கவும் கூடும். முதலிற் செய்யத்தக்கவை எளியவை: தேய்ந்த பாட்களை நீக்கி நல்லவற்றைப் பொருத்துதல், பழைய இறப்பர்க் குழாய்க்குப் பதிலாக உருக்குப் பின்னலிட்ட குழாயை மாட்டுதல், பிறேக் எண்ணெயைப் புதிதாக நிரப்பிக் காற்றை முற்றாக வெளியேற்றுதல். இவற்றின் பின்னும் போதாதெனின் தட்டைச் சற்றுப் பெரிதாக்கலாம். அப்போது பிடிகருவியைத் தாங்கும் துண்டைக் கடைச்சற் பட்டறையில் அளவாகச் செய்வித்தல் வேண்டும். கிடைத்த இரும்பை ஒட்டவைத்துத் தாங்கி செய்வது, தன் உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். பின்னுள்ள உருளைப் பிறேக்குக்குப் புதிய சப்பாத்துகள் போதும்.

அடுத்தது அதிர்வுதாங்கி. சிறு மண்தரை வண்டிகளின் விற்சுருள்கள் இளம் வயதினரின் எடையைக் கருதி மென்மையாக அமைக்கப்பட்டவை. நல்ல ரயரும் நல்ல பிறேக்கும் கூடும்போது, பிறேக்கைப் பிடித்தவுடன் வண்டியின் முன்புறம் முழுதாக அமிழ்ந்துவிடும். வளர்ந்தவர் ஒருவர் ஏறினால் இக்குறை இரட்டிக்கும். முன்கவைக்குள் தடித்த எண்ணெய் நிரப்புவது மலிவான முதற்பரிகாரம். விற்சுருளின் மேல் சிறிய குழாய்த் துண்டொன்றை அளவாக அறுத்து வைத்து அதனைச் சற்று இறுக்கி நிற்கச் செய்வது இரண்டாவது. தாழ்ந்த முன்புறத்தின் உயரத்தில் ஒரு பகுதியும் இதனால் மீளும். விற்சுருளுக்கு அமிழ இடமில்லாதவாறு அளவுக்கு மீறி இறுக்குதல் தவறு. ஓட்டுநர் எடை மிகுந்தவராயின், வலிய விற்சுருள் வாங்குவதே முறை.

எஞ்சினைப் பொறுத்தவரை, எண்ணெயை மாற்றி, காற்று வடிகட்டியைக் கழுவி, வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்தால் முதற்பருவத்துக்குப் போதும். நீண்ட நேர்ப்பாதையில் எஞ்சின் அளவுமீறிச் சுழல்வதாகத் தோன்றினால், 13 பல்லுள்ள முன் பற்சில்லுக்குப் பதிலாக 14 பல்லுள்ளதை மாட்டலாம். ஒரு பல் கூடினால் அதே எஞ்சின் சுழற்சியில் வேகம் ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். எஞ்சினைத் திறப்பதற்காகும் செலவோடு ஒப்பிட்டால், இத்துண்டின் விலை பொருட்படுத்தத்தக்கதன்று.

சிக்கனம் என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. மட்காட், இருக்கை உறை, வர்ணம் ஆகியவற்றில் எத்துணையும் மிச்சம் பிடிக்கலாம். ரயர், கம்பி, பிறேக், தலைக்கவசம் ஆகிய நான்கிலும் மிச்சம் பிடிக்கலாகாது. தார்த்தரையில் விழுபவனை மண் தாங்குவதுபோலத் தார் தாங்குவதில்லை, தோலை உரித்துவிடும். ஆகவே தோலுடை, கையுறை, உயர்ந்த சப்பாத்து ஆகியவற்றின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே முதல் நாளிற் கணக்கிடல் வேண்டும். அக்கணக்கு கையிலுள்ள பணத்தை மீறுமாயின், மாற்றத்தைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதே அறிவுடைமை. மேலும், மண்தரைப் பாவனைக்கென்றே விற்கப்பட்ட வண்டிகளுக்குப் பொதுவீதியில் ஓடும் உரிமை இல்லை. ரயர் மாறியதால் அவ்வுரிமை வந்துவிடாது. அவை பந்தயப் பாதைக்கே உரியவை.

வேலை முடிந்தபின் முதல் ஓட்டம் மெதுவாக நடைபெறல் வேண்டும். புதிய ரயரின் மேற்பரப்பு வழுக்கும் தன்மையது. சில சுற்றுகள் சிறிது சிறிதாகச் சாய்ந்து ஓடினாற்றான் அது பிடிப்புக் கொள்ளும். புதிய பாட்களும் தட்டோடு பழகுதற்குப் பலமுறை மென்மையாகப் பிடிக்கப்படல் வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் கம்பிகள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்குதல் அவசியம். புதிதாகக் கட்டிய சில்லு முதல் நாளிலேயே சற்றுத் தளர்வது இயல்பு. அதனைக் கவனியாது மறுநாள் வேகமாக ஓடியவர்களுக்கே பெரும்பாலும் விபத்து நேர்கிறது.

இவ்வாறு அமைந்த 125 வண்டி நேர்ப்பாதையில் எவரையும் வியக்கவைக்காது. அதன் வேகம் சிறிது. ஆனால் வளைவுக்கு எவ்வளவு அருகிற் பிறேக்கைப் பிடிக்கலாம், பின்சில்லை எப்போது சறுக்கவிடலாம், எந்த இடத்தில் திரொட்டிலைத் திறக்கலாம் என்னும் பாடங்களை அச்சிறு வேகத்திலேயே அது கற்பிக்கும். வலிய எஞ்சின் கொண்ட வண்டியில் இப்பாடங்களில் ஏற்படும் தவறு மருத்துவமனையில் முடியலாம். சிறு வண்டியில் அத்தவறு பெரும்பாலும் ஒரு சுற்றின் நேரத்தோடு முடிந்துவிடும். எஞ்சினுக்கென்று எண்ணிய பணத்தைச் சில்லுக்கும் பிறேக்குக்கும் செலவிட்ட இளைஞன், அடுத்த பந்தயத்துக்கும் அதே வண்டியோடும் உடல்நலத்தோடும் வந்து நிற்பான்.