மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பியானோ

காசு கொடுக்காமல் சங்கீதம் கேட்பது பெங்களூருக்குப் பழகிய விஷயம்தான். ராமநவமி வந்தால் பந்தலில் ஒரு பக்கம் பானகமும் கோசம்பரியும், இன்னொரு பக்கம் கச்சேரி. இப்படிக் கச்சேரி நடத்தும் சாமராஜப்பேட்டை ராமசேவா மண்டலி தொடங்கியது 1939-இல். பந்தலுக்கு வெளியே சாலையோரம் நின்றே கேள்வி ஞானம் வளர்த்துக்கொண்டவர்கள் இந்த ஊரில் உண்டு.

அதே 1939 அக்டோபரில், போர்க்கால லண்டனில், மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். குண்டுக்குப் பயந்து ஓவியங்களையெல்லாம் வெளியூர் அனுப்பிவிட்ட நேஷனல் கேலரிதான் அரங்கம். கட்டணம் ஒரு ஷில்லிங். ஆறரை ஆண்டுகளில் ஏறக்குறைய 1,700 கச்சேரிகள். பிறகு சிகாகோவில், அவர் பெயராலேயே, 1977 முதல் புதன்கிழமை மதியங்களில் இலவசக் கச்சேரி நடக்கிறது. மேடையேறுபவர்கள் பெரும்பாலும் வளர்ந்துவரும் இளைஞர்கள். வானொலியும் அதை ஒலிபரப்புகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

நம் ஊருக்கு இப்படி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. இங்கே பியானோ படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. டிரினிட்டி பரீட்சை, கிரேடு, சான்றிதழ் என்று ஓடுகிறார்கள். எட்டாவது கிரேடு முடிந்ததும் பலர் வீட்டில் பியானோ மூடியின் மேல் பூச்சாடி ஏறிவிடுகிறது. பரீட்சையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். அவர் மதிப்பெண் போடுகிறவர். முன்பின் தெரியாத நூறு பேர் முன்னால் ஐம்பது நிமிடம் தனியாக வாசிப்பது வேறு படிப்பு.

கேட்பவருக்கு என்ன லாபம்? நம் காது கமகத்தில் வளர்ந்தது. வீணையில் ஒரு ஸ்வரத்தை இழுத்து அடுத்ததற்குப் போகலாம்; பியானோவில் அதற்கு வழியில்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அந்த நொடியிலிருந்தே நாதம் தேயத் தொடங்கும். அதை வளர்க்க விரலால் ஆகாது. ஆகவே ஷோபானின் ஒரு நாக்டர்ன் பாடுவதுபோல் கேட்கிறதென்றால் அது சாமர்த்தியமான ஏமாற்று வேலை. தேயும் ஒலியின் அளவறிந்து அடுத்த ஸ்வரத்தை அதில் ஒட்டவைக்கிறார்கள். அடுத்த முறை கலைஞரின் வலது காலைப் பாருங்கள். மிதிகட்டையை எப்போது விடுகிறார் என்பதில் பாதி சங்கீதம் இருக்கிறது.

வேகம் நம்மைச் சுலபமாக மயக்கும். 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் வண்டின் ரீங்காரத்தைக் காட்டும் இசைத்துண்டு ஒன்றைப் புயல் வேகத்தில் வாசித்து வென்றபோது நானும் வாய்பிளந்தேன். ஆனால் இளங்கலைஞரை எடைபோட எனக்கு மெதுவான பகுதிதான் தராசு. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

கைதட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவே தட்டிவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார். கவலைப்படாதீர்கள். 1778-இல் பாரிசில் தன் சிம்பொனியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டியதை மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

இடம்? கப்பன் பார்க் பேண்டு ஸ்டாண்டு அழகுதான், ஆனால் திறந்தவெளியில் பியானோவின் மென்மை காற்றோடு போய்விடும். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னக் கூடம் போதும். ஒயிட்ஃபீல்டிலிருந்து மதியம் காரில் கிளம்பி வரச் சொல்வது பாவம்.

நடத்த முன்வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நிகழ்ச்சியில் நிகோலாய் மெட்னரை வையுங்கள். லண்டனில் ஆதரவின்றி இருந்த அந்த ரஷ்யரின் இசை 1940-களின் இறுதியில் இசைத்தட்டுகளில் ஏறப் பணம் கொடுத்தவர் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார். தாமே பியானோ வாசித்தவர், கர்நாடகக் கிருதிகளும் இயற்றியவர். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். கான்செர்ட்டோவுக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும். மெட்னர் 'கதை' என்று பெயரிட்ட சிறிய இசைத்துண்டுகளுக்கு ஒரு பியானோ போதும்.